லைமன்-ஆல்ஃபா காடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொலைதூர ஹைட்ரஜன் விழுங்கிய ஒளியை வைத்துப் பிரபஞ்சத்தின் பெருங்கட்டமைப்பை வரைகிறார்கள் என்று எங்கே பேசினாலும், பேச்சு முடிந்ததும் எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், போகப் போகக் கொஞ்சம் வம்பு பிடித்தவை.

லைமன்-ஆல்ஃபா காடு என்கிறீர்களே, அது எந்த நாட்டில் இருக்கிறது?

எந்த நாட்டிலும் இல்லை. ஒரு நிறமாலைக்குள், அதாவது அலைநீளம் வாரியாகப் பிரித்த ஒளிக்குள் இருக்கிறது. ஹைட்ரஜன் அணுவில் உள்ள எலக்ட்ரான் மிகத் தாழ்ந்த நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஏற வேண்டுமானால், 121.567 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை விழுங்க வேண்டும். அதற்கு லைமன்-ஆல்ஃபா என்று பெயர். இந்தப் புற ஊதா வரிசையைக் கண்டறிந்த அமெரிக்க இயற்பியலாளர் தியோடர் லைமனின் பெயர்தான் அது.

மிகத் தொலைவில் உள்ள ஒரு குவேசாரின் ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்து வரைந்தால், ஹைட்ரஜனின் பெரிய ஒளிர்வு முகடு ஒன்று தெரியும். அதன் நீல நிறப் பக்கத்தில் மட்டும் நூற்றுக்கணக்கான மெல்லிய பள்ளங்கள் நெருக்கியடித்து நிற்கும். சிவப்புப் பக்கத்தில் அப்படி இல்லை. அந்த நெரிசலைத்தான் காடு என்கிறார்கள்.

குவேசார் எதற்கு? ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தால் போதாதா?

நாம் தனித்தனியாகப் பார்க்கும் நட்சத்திரங்கள் பெரும்பாலும் நம் பால்வெளிக்குள்ளேயே இருப்பவை. நமக்கு வேண்டியதோ விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே உள்ள வெளி. அதன் குறுக்கே ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து வந்த ஒளி வேண்டும்.

குவேசார் என்பது ஒரு விண்மீன் மண்டலத்தின் மையத்தில், பெரும் கருந்துளைக்குள் விழப்போகும் வாயு சூடேறி ஒளிர்வது. தன் மண்டலத்தின் நட்சத்திரங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதைவிடப் பிரகாசமாக இருக்கும். 1963-இல் வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் 3சி 273 என்ற பொருளின் நிறமாலையைப் படித்து, அது நட்சத்திரம் அல்ல, 0.158 செம்பெயர்ச்சியில் இருக்கும் தொலைதூரப் பொருள் என்று கண்டுபிடித்தார். இரண்டே ஆண்டில், 1965-இல், 3சி 9 என்ற குவேசார் 2.01 செம்பெயர்ச்சியில் கிடைத்தது. இங்கே குவேசார் வெறும் விளக்குதான். ஆராய்வது விளக்கை அல்ல, வழியில் இருப்பதை.

செம்பெயர்ச்சி 2, 3 என்றெல்லாம் சொல்கிறீர்களே, அது தூரமா, காலமா?

நேராகப் பார்த்தால் இரண்டும் இல்லை. அது ஒளி எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற கணக்கு. செம்பெயர்ச்சி 2.5 என்றால் ஒளி புறப்பட்டதிலிருந்து பிரபஞ்சம் 3.5 மடங்கு விரிந்திருக்கிறது, ஒளியின் அலைநீளமும் 3.5 மடங்கு நீண்டிருக்கிறது என்று பொருள். 121.6 நானோமீட்டர் அப்போது 425 ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா, நீல ஒளியாக வந்து சேரும். விரிவின் வரலாறு தெரிந்தால் இதைத் தூரமாகவும் காலமாகவும் மாற்றிக்கொள்ளலாம். செம்பெயர்ச்சி 2.3 என்பது ஏறத்தாழ 1,100 கோடி ஆண்டுகளுக்கு முன்.

ஹைட்ரஜன் ஒரே ஒரு அலைநீளத்தைத்தான் விழுங்கும் என்றால், இத்தனை பள்ளங்கள் எப்படி வந்தன?

எல்லாம் புரிவதற்குச் சாவி இந்தக் கேள்விதான். ஒளி வரும் வழியெல்லாம் நீண்டுகொண்டே வருகிறது. குவேசாரை விட்டுக் கிளம்பும்போது 115 நானோமீட்டராக இருந்த ஒளி, கொஞ்ச தூரம் வந்ததும் 121.6-ஐத் தொடும். சரியாக அந்த இடத்தில் ஹைட்ரஜன் இருந்தால் அது விழுங்கப்படும். 110-இல் கிளம்பியது இன்னும் தள்ளி வந்து, நமக்குப் பக்கத்தில் 121.6-ஐத் தொடும்.

ஆக, ஒவ்வொரு அலைநீளமும் வழியில் ஏதோ ஒரே ஓர் இடத்தில்தான் இந்தச் சோதனைக்கு ஆளாகிறது. நிறமாலையில் எந்த அலைநீளத்தில் பள்ளம் இருக்கிறது என்று பார்த்தால், ஹைட்ரஜன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். முகட்டுக்கு நீலப் பக்கத்தில் மட்டும் காடு இருப்பதற்கும் இதுதான் காரணம். சிவப்புப் பக்கத்து ஒளி கிளம்பும்போதே 121.6-ஐத் தாண்டிவிட்டது, இனி அது நீளத்தான் செய்யும்.

அப்படியானால் ஒவ்வொரு பள்ளமும் ஒரு வாயு மேகமா?

ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்கள். 1971-இல் ரோஜர் லிண்ட்ஸ், 4சி 05.34 என்ற குவேசாரில் கண்ட பள்ளங்களில் பெரும்பாலானவை லைமன்-ஆல்ஃபாவே என்று சொன்னார். 1980-இல் சார்ஜென்ட்டும் உடன் ஆய்வாளர்களும் அவை குவேசாரிலிருந்து வீசப்பட்டவை அல்ல, வெளியில் தனியாக இருப்பவை என்று வாதிட்டார்கள். அந்த மேகங்கள் கலைந்து போகாமல் எது பிடித்து வைத்திருக்கிறது என்று பிறகு பல ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

1990-களில் கணினியில் பிரபஞ்சத்தை வளர்த்துப் பார்த்த பின்தான் அந்தக் கேள்வியே பொருளற்றது என்று புரிந்தது. ஈர்ப்பு விசை பொருளை இழைகளாகவும் தாள்களாகவும் முடிச்சுகளாகவும் கூட்டிச் சேர்க்கிறது. நடுவில் பெரிய வெற்றிடங்கள். அந்த வலைப்பின்னலின் குறுக்கே ஒரு கோடு கிழித்தால், அடர்த்தி ஏறி இறங்கும். ஏறிய இடத்தில் பள்ளம் விழும். மேகம் என்று எண்ணி எடுக்கத் தனிப்பொருள் எதுவும் இல்லை, ஏறி இறங்கும் ஒரே பரவல்தான் இருக்கிறது. பாடப்புத்தகங்கள் சில இன்னும் 'மேகங்கள்' என்றே எழுதுகின்றன. எனக்கு அது ஒவ்வாது. மேகம் என்று மனதில் பதிந்துவிட்டால் பின்னால் வருவது எதுவும் சரியாகப் பிடிபடாது.

விதிவிலக்கும் உண்டு. சில இடங்களில் ஹைட்ரஜன் மிக அடர்ந்து, ஒளியை அகலமாகத் துடைத்துவிடும். அவை பெரும்பாலும் விண்மீன் மண்டலங்களும் அவற்றின் சுற்றுப்புறமும்தான். பெருங்கட்டமைப்புக் கணக்கில் அவற்றைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார்கள்.

பிரபஞ்சம் முழுக்க ஹைட்ரஜன்தானே? ஒளி மொத்தமும் மறைந்து போயிருக்க வேண்டாமா?

ஜேம்ஸ் கன், புரூஸ் பீட்டர்சன் என்ற இருவரும் 1965-இலேயே இதைக் கேட்டுவிட்டார்கள். 3சி 9-இன் ஒளி முழுதாக மறையாமல் வந்து சேர்ந்ததை வைத்து, வெளியில் உள்ள ஹைட்ரஜன் கிட்டத்தட்ட எல்லாமே எலக்ட்ரானை இழந்து அயனியாகி இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். எலக்ட்ரான் இல்லாத அணு எதை விழுங்கும்?

இன்றைய கணக்கில், செம்பெயர்ச்சி 3 அளவில் சராசரி அடர்த்தியுள்ள இடத்தில், ஏறத்தாழ லட்சத்தில் ஒரு ஹைட்ரஜன்தான் எலக்ட்ரானோடு இருக்கிறது. அங்கே ஒரு கன மீட்டருக்கு மொத்தமே பத்துப் பதினைந்து அணுக்கள். அதிலும் லட்சத்தில் ஒன்று. அதுவே மூன்றில் ஒரு பங்கு ஒளியை மறைக்கப் போதுமாக இருக்கிறது என்றால், லைமன்-ஆல்ஃபா எவ்வளவு கூர்மையான கருவி என்று பாருங்கள். இன்னும் பின்னோக்கிப் போனால் காடு அடர்ந்துகொண்டே போகும். 2001-இல் 6.28 செம்பெயர்ச்சியில் இருந்த ஒரு குவேசாரில் காடு முழுச் சுவராகவே மாறியிருந்ததைக் கண்டார்கள். பிரபஞ்சத்தின் ஹைட்ரஜன் அயனியாகி முடியும் கட்டம் அது.

ஒளியை மறைப்பது ஹைட்ரஜன். அதை வைத்துக் கரும்பொருள் எங்கே இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

இந்த வாயுவின் வெப்பம் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கெல்வின் வரைதான். விண்மீன் மண்டலத்துக்குள் இருப்பதுபோல வெடிப்புகளும் சுழற்சிகளும் அதை அவ்வளவாக அலைக்கழிப்பதில்லை. எனவே பெரிய அளவுகளில் அது கரும்பொருளின், அதாவது ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருளின், ஈர்ப்பு இழுத்த இழுப்புக்கே போகிறது. சிறிய அளவுகளில் மட்டும் வாயுவின் அழுத்தம் அதைக் கொஞ்சம் மழுக்கிவிடும்.

அப்புறம், அயனியும் எலக்ட்ரானும் மறுபடி சேர வேண்டுமானால் சந்திக்க வேண்டும். அடர்த்தி இரட்டித்தால் சந்திப்புகள் நான்கு மடங்காகும். அதனால் கொஞ்சம் அடர்ந்த இடம்கூட நிறமாலையில் பெரிதாகவே தெரியும். வெப்பத்தின் விளைவையும் சேர்த்தால் இந்த மடங்கு சற்றுக் குறையும், ஆனாலும் இரட்டிப்பை விட அதிகம்தான்.

ஒரு குவேசாருக்கு ஒரு கோடுதான் கிடைக்கும். அதிலிருந்து முப்பரிமாண வரைபடம் எப்படி?

ஆழ்துளைக் கிணறு போடுபவரிடம் கேளுங்கள். ஒரு கிணற்றில் எத்தனை அடியில் செம்மண், எத்தனை அடியில் பாறை, எங்கே ஈரம் என்று தெரியும். பக்கத்து வயலில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஊர் முழுக்க நூறு இடத்தில் துளை போட்டிருந்தால், நிலத்தடியின் உருவம் தெரிய ஆரம்பிக்கும். ஒவ்வொரு குவேசாரும் ஒரு துளை. செம்பெயர்ச்சி 2.5-இல் உள்ள குவேசார் ஒன்றின் காட்டுப் பகுதி, இன்றைய அளவில் ஏறத்தாழ 250 கோடி ஒளியாண்டு நீளத்துக்குத் தகவல் தரும்.

நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயின்டில் உள்ள 2.5 மீட்டர் ஸ்லோன் தொலைநோக்கியில், பாஸ் என்ற ஆய்வு 2009 முதல் 2014 வரை இந்த வேலையைச் செய்தது. அலுமினியத் தட்டில் ஆயிரம் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் ஓர் ஒளியிழையைக் கையால் செருகி, தட்டு தட்டாக வானத்தை எடுத்தார்கள். இப்போது அரிசோனாவின் கிட் பீக்கில், 4 மீட்டர் மேயால் தொலைநோக்கியில் டெசி என்ற கருவி ஐயாயிரம் ஒளியிழைகளைச் சின்னஞ்சிறு ரோபோக்களால் தானாகவே நகர்த்திக்கொள்கிறது. அதன் ஆய்வு 2021 மே மாதம் தொடங்கியது.

துளைகள் தள்ளித் தள்ளி இருக்கும்போது அப்படியே படமாக வரைய முடியாது; எந்த இடைவெளியில் அடர்த்திகள் ஒத்துப்போகின்றன என்று புள்ளியியலாகத்தான் பார்க்கலாம். உண்மையான படம் வேண்டுமென்றால் நெருக்கமாகத் துளைக்க வேண்டும். ஹவாயின் கெக் தொலைநோக்கியில் கிளமாட்டோ என்ற குழு, குவேசார்களோடு மங்கலான தொலைதூர விண்மீன் மண்டலங்களையும் பின்விளக்காகப் பயன்படுத்தி, ஏறத்தாழ ஒரு கோடி ஒளியாண்டு இடைவெளியில் கோடுகள் கிடைக்கும்படி செய்தது. வானத்தில் மிகச் சிறிய துண்டுதான், ஆனால் அதில் வெற்றிடமும் கொத்தும் நேரடியாகத் தெரிந்தன.

'ஒலி அலைவு' என்று ஏதோ அளக்கிறார்களாமே, வெளியில் ஏது ஒலி?

இன்று இல்லை, ஆதியில் இருந்தது. முதல் 3,80,000 ஆண்டுகளில் பிரபஞ்சம் ஒளியும் அயனிகளும் ஒட்டிக் கலந்த சூடான குழம்பு. அதில் அழுத்த அலைகள், அதாவது ஒலி, ஒளி வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் பரவின. குழம்பு குளிர்ந்து ஒளி விடுபட்டதும் அலை அப்படியே நின்றுவிட்டது. அது அதுவரை போன தூரம் இன்று சுமார் 48 கோடி ஒளியாண்டாக விரிந்திருக்கிறது. பொருள் கூடிய ஓர் இடத்திலிருந்து அந்தத் தூரத்தில் இன்னொரு கூடிய இடம் இருக்கும் வாய்ப்பு, வழக்கத்தைவிடச் சற்றே அதிகம். அதுதான் அளவுகோல்.

விண்மீன் மண்டலங்களின் பரவலில் இந்தத் தடம் 2005-இல் கிடைத்தது. லைமன்-ஆல்ஃபா காட்டில் அதைத் தேடிப் பிடித்தது பாஸ் குழு. முடிவுகள் 2012, 2013 வாக்கில், ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவான குவேசார்களை வைத்து வந்தன. 2014-இல் இன்னும் அதிகமானவற்றைச் சேர்த்து, அந்தக் காலத்தில் பிரபஞ்சம் 4.4 கோடி ஆண்டுக்கு ஒரு சதவீதம் என்ற வேகத்தில் விரிந்துகொண்டிருந்தது என்று சொன்னார்கள். இன்று அதே ஒரு சதவீதத்துக்கு 14 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும்.

விண்மீன் மண்டலங்களை எண்ணியே அளக்கலாமே, நிழலை ஏன் துரத்த வேண்டும்?

கிட்டே உள்ள பிரபஞ்சத்துக்கு அதுதான் நல்ல வழி, அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் 1,100 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய விண்மீன் மண்டலங்கள் மிக மங்கல். லட்சக்கணக்கில் ஒவ்வொன்றாக நிறமாலை எடுப்பது இன்றைய கருவிகளுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு குவேசாரோ ஒரே நிறமாலையில் நூற்றுக்கணக்கான இடங்களின் அடர்த்தியைச் சொல்லிவிடுகிறது. இன்னொன்று, விண்மீன் மண்டலங்கள் அடர்ந்த இடங்களில்தான் பிறக்கும். காடு வெற்றிடங்களையும் காட்டும். ஒளி நன்றாக வந்து சேர்ந்த இடமெல்லாம் வெற்றிடம்தானே.

டெசி கரும் ஆற்றல் மாறுகிறது என்று கண்டுபிடித்துவிட்டதாகச் செய்தி வந்ததே?

'கண்டுபிடித்துவிட்டது' என்பது செய்தித் தலைப்பின் அவசரம். 2025 மார்ச்சில் டெசி வெளியிட்ட முடிவுகளில், விண்மீன் மண்டலங்கள், பின்புல நுண்ணலை (ஆதியில் விடுபட்ட ஒளியின் மிச்சம்), மீவிண்மீன்கள் (வெடிக்கும் நட்சத்திரங்கள்) எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், பிரபஞ்ச விரிவை வேகப்படுத்தும் கரும் ஆற்றல் காலப்போக்கில் மாறுகிறது என்பதற்கு 2.8 முதல் 4.2 சிக்மா வரை சாய்வு தெரிகிறது. சிக்மா கூடக் கூட, முடிவு வெறும் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும். எந்த மீவிண்மீன் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 சிக்மா வேண்டும்.

இதில் லைமன்-ஆல்ஃபாவின் பங்கு வேறு மாதிரி. 8,20,000-க்கும் மேற்பட்ட காடுகளை வைத்து, செம்பெயர்ச்சி 2.33-இல் தூரத்தை 0.65 சதவீதத் துல்லியத்தில் அளந்தார்கள். அந்தக் காலத்தில் கரும் ஆற்றல் மொத்தத்தில் சுமார் 6 சதவீதம்தான். பொருளின் கை ஓங்கியிருந்தது. எனவே காடு நேரடியாகக் கரும் ஆற்றலைப் பிடிப்பதில்லை. கரும் ஆற்றல் தலையெடுக்கும் முன் விரிவு எப்படி இருந்தது என்று ஒரு முனையை இறுக்கிக் கட்டிவைக்கிறது. மறுமுனை எவ்வளவு ஆடினாலும் அப்போதுதான் தெரியும்.

குவேசாரின் அசல் ஒளி எப்படி இருந்தது என்றே தெரியாது. எவ்வளவு மறைந்தது என்று மட்டும் எப்படிச் சொல்ல முடியும்?

இதைக் கேட்பவர்கள் விஷயத்தின் நரம்பைப் பிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். பள்ளத்தின் ஆழம் தெரிய, மேலே மேடு எங்கே இருந்தது என்று தெரிய வேண்டும். ஆனால் காட்டில் மேடே கண்ணில் படாது. குவேசார்களும் ஒன்று போல ஒன்று இருப்பதில்லை.

பெரிய ஆய்வுகளில் செய்வது இது: எல்லாக் குவேசார்களின் சராசரி உருவத்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அதன் உயரத்தையும் சாய்வையும் மட்டும் பொருத்துகிறார்கள். இதில் ஒரு நட்டம் உண்டு. காடு முழுக்கவே சற்று அடர்ந்திருந்தால், அதையும் குவேசாரின் குணம் என்று எடுத்துக்கொண்டு இந்த முறை அழித்துவிடும். அந்த அழிப்பு எந்த வடிவில் நடக்கும் என்று கணக்கிட்டு, ஒப்பிடும் கோட்பாட்டையும் அதே போல அழித்துத்தான் பொருத்துகிறார்கள். ஒலி அலைவின் 48 கோடி ஒளியாண்டு முகடு கூர்மையானது என்பதால் அதன் இடம் இதில் நகராது. ஆழத்தையே நம்பும் மற்ற அளவீடுகளில் இந்தப் பிரச்சினை இன்னும் குடைச்சல்தான்.

அந்தப் பள்ளமெல்லாம் ஹைட்ரஜன்தான் என்று என்ன உறுதி? கார்பன், சிலிக்கான் இருக்கக் கூடாதா?

இருக்கிறது, தொல்லையும் தருகிறது. சிலிக்கானின் ஒரு கோடு 120.65 நானோமீட்டரில், லைமன்-ஆல்ஃபாவுக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. அதனால் உண்மையில் ஒரே இடத்தில் உள்ள ஹைட்ரஜனும் சிலிக்கானும், பார்வைக் கோட்டில் குறிப்பிட்ட தூரம் தள்ளி இருப்பது போலத் தோன்றி ஒரு போலி முகடு காட்டும். அது எந்தத் தூரத்தில் வரும் என்பது முன்கூட்டியே தெரிவதால் கணக்கில் சேர்த்துவிடலாம். மற்ற தனிமங்களுக்கு ஓர் எளிய வழி: குவேசாரின் ஒளிர்வு முகட்டின் சிவப்புப் பக்கத்தில் ஹைட்ரஜன் காடு இருக்காது என்று மேலே பார்த்தோம். அங்கே காணும் பள்ளங்கள் எல்லாம் மற்ற தனிமங்களுடையவையே. அங்கே அளந்துகொண்டு இங்கே கழிப்பார்கள்.

வாயு தன் பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தால் தூரம் தப்பாகிவிடாதா?

ஆகும். வினாடிக்கு 100 கிலோமீட்டர் வேகம் இருந்தால், இந்தத் தொலைவில் இடக் கணக்கு ஏறத்தாழ 50 லட்சம் ஒளியாண்டு பிசகும். அளவுகோல் 48 கோடி என்பதால் அதற்கு இது ஒரு சதவீதம். அதுவும் முன்னும் பின்னுமாக வருவதால் சராசரியில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் இந்தப் பிசகு தற்செயலானது அல்ல. வாயு அடர்ந்த இடத்தை நோக்கியே விழுகிறது. அதனால் பார்வைக் கோட்டு வாக்கிலும் குறுக்கு வாக்கிலும் கட்டமைப்பு வேறு வேறாகத் தெரியும். அந்த வேறுபாட்டை அளந்தால், ஈர்ப்பு எவ்வளவு வேகமாகப் பொருளைக் கூட்டிச் சேர்க்கிறது என்றே தெரிந்துவிடும்.

இதிலிருந்து நியூட்ரினோவின் எடையைச் சொல்கிறார்களாம். நம்பலாமா?

உச்சவரம்பு சொல்கிறார்கள். நியூட்ரினோக்கள் என்ற மிக இலேசான துகள்கள் வேகமாக ஓடுவதால் சிறிய அளவுகளில் கட்டமைப்பை மழுக்கும். எடை கூடினால் மழுக்கலும் கூடும். காடு மற்ற முறைகளுக்கு எட்டாத சிறு அளவுகளைக் காட்டுகிறது. 2015-இல் பாஸ் தரவையும் பிளாங்க் செயற்கைக்கோள் தரவையும் சேர்த்து, மூன்று வகை நியூட்ரினோக்களின் மொத்த எடை 0.12 எலக்ட்ரான் வோல்ட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்று கணித்தார்கள். கரும்பொருள் துகள்கள் 'வெதுவெதுப்பானவை', அதாவது ஓரளவு வேகமாக ஓடுபவை, என்ற கருத்துக்கும் இதே வழியில் கடிவாளம் போட்டிருக்கிறார்கள். என்ன சிக்கல் என்றால், வாயுவின் சூடும் அழுத்தமும் அதே மாதிரி மழுக்கும். எது யாருடைய வேலை என்று பிரிப்பது கணினிக் கணிப்புகளின் தரத்தைப் பொறுத்தது. அதனால் ஒலி அலைவு அளவீட்டை நம்புவதைவிட ஒரு படி குறைத்தே இதை நான் நம்புவேன்.

இதுவும் 21 சென்டிமீட்டர் ஆய்வும் ஒன்றுதானே?

இல்லை. இரண்டும் ஹைட்ரஜன்தான், அதோடு ஒற்றுமை முடிந்தது. 21 சென்டிமீட்டர் என்பது ரேடியோ அலை. அது மிகப் பலவீனமான மாற்றம், நடுநிலை ஹைட்ரஜன் ஏராளமாக இருந்தால்தான் தெரியும். லைமன்-ஆல்ஃபா லட்சத்தில் ஒன்றையும் காட்டிக்கொடுத்துவிடும். ஹைட்ரஜன் அயனியாவதற்கு முந்தைய காலத்துக்கு முன்னது, பிந்தைய காலத்துக்குப் பின்னது என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

காட்டை வைத்து இன்றைய பிரபஞ்சத்தை ஏன் வரைவதில்லை?

வளிமண்டலம் விடாது. ஓசோன் புற ஊதாவை வடிகட்டிவிடுகிறது. டெசியின் நிறமாலைமானிகளே 360 நானோமீட்டரில்தான் தொடங்குகின்றன. 121.6 அந்த அளவுக்கு நீள, செம்பெயர்ச்சி 1.96 வேண்டும். அதற்குக் கிட்டே பார்க்க விண்வெளிக்குப் போக வேண்டும். ஹபிள் தொலைநோக்கி 1991-இல் 3சி 273-ஐப் புற ஊதாவில் பார்த்தபோது, எதிர்பார்த்ததைவிட அதிகப் பள்ளங்கள் இருந்தன. ஆனால் லட்சக்கணக்கான குவேசார்களை அப்படிப் பார்க்க விண்வெளியில் கருவி இல்லை.

நானே பார்க்க வழி உண்டா?

தரவைப் பார்க்கலாம். ஸ்லோன் ஆய்வின் நிறமாலைகள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. டெசியின் முதல் தொகுப்பும் 2025 மார்ச்சில் வெளியானது. செம்பெயர்ச்சி 2.5-க்கு மேல் உள்ள பிரகாசமான குவேசார் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அலைநீளத்தை எதிர்த்து ஒளியளவை வரைந்தாலே போதும், காடு கண்ணில் படும். பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் ஒரு மாலை வேலை.

வானத்தில் பார்க்க வேண்டுமென்றால் 3சி 273-ஐத் தேடுங்கள். கன்னி ராசியில், வான நடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஏப்ரல், மே இரவுகளில் நன்றாக மேலே ஏறும். பிரகாசம் சுமார் 13-ஆம் அளவு என்பதால் எட்டு அங்குலத் தொலைநோக்கியும் ஊர் வெளிச்சம் இல்லாத இடமும் வேண்டும். மங்கலான ஒரு புள்ளிதான் தெரியும், பக்கத்து நட்சத்திரங்களோடு குழம்பாமல் இருக்க வரைபடம் வைத்துக்கொள்ளுங்கள். அதன் காட்டை மட்டும் இங்கிருந்து பார்க்க முடியாது. காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது.